தீபாவளிச் சீட்டு அட்டையில் இல்லாத ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீபாவளி முடிந்த கையோடு, குடியாத்தம் பகுதியில் அடுத்த ஆண்டுக்கான தீபாவளிச் சீட்டு அட்டைகள் வீடு வீடாக வரத் தொடங்கிவிட்டன. பீடி சுற்றுவோரும் லுங்கி நெய்வோரும் மிகுந்த எங்கள் தெருவில், இரண்டு ஆண்டுகளுக்கு முன் இத்தகைய சீட்டில் பணம் கட்டி ஏமாந்தவர்களுள் என் மனைவியும் ஒருவர் என்பதால் இதை எழுதுகிறேன்.

மாதம் 500 ரூபாய் வீதம் பன்னிரண்டு மாதங்கள் கட்டினால் அரை கிராம் தங்கக் காசு, அரிசி மூட்டை, எண்ணெய், இனிப்பு, பட்டாசுப் பெட்டி, எவர்சில்வர் அண்டா ஆகியவை கிடைக்கும் என்றார்கள். கடை விலையில் கூட்டிப் பார்த்தால் அது எட்டாயிரத்தை நெருங்கியது. கட்டுவதோ ஆறாயிரம், மீதி எங்கிருந்து வரும் என்று கேட்டபோது, மொத்தமாக வாங்குவதால் மலிவு என்று பதில் வந்தது. தங்கம் அரிசியைப் போல மொத்த விலையில் மலிந்துவிடாது என்பது, அஞ்சலகத்தில் முப்பது ஆண்டுகள் தொடர்வைப்புக் கணக்குகளைப் பார்த்த எனக்கே அன்று உறைக்கவில்லை.

அந்த அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது. மேலே லட்சுமி படம், கீழே பன்னிரண்டு கட்டங்கள், ஒவ்வொன்றிலும் பால்பாயிண்ட் பேனாவால் ஒரு சுழி, ஓரத்தில் ரப்பர் முத்திரையில் ஒரு கைப்பேசி எண். பதிவு எண் என்று ஒரு வரிகூட இல்லை.

பெயர்தான் சீட்டு, உண்மையில் இதில் ஏலமும் இல்லை, ஏலம் எடுப்பவர் விட்டுக்கொடுக்கும் தள்ளுபடியும் இல்லை. 1982ஆம் ஆண்டின் சிட்பண்ட் சட்டப்படி நடக்கும் ஏலச் சீட்டுக்கு முன் அனுமதியும் பதிவும் வேண்டும். நடத்துபவர் பிணையும் கட்ட வேண்டும். இதுவோ பணத்தை வாங்கிக்கொண்டு பொருளாகத் திருப்பித் தருவதாகச் சொல்லும் வைப்புத்தொகை. பொருளாகத் தருவதாகச் சொன்னாலும் அது வைப்புத்தொகையே என்கிறது, முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் 2019ஆம் ஆண்டுச் சட்டம். அத்தகைய திட்டத்துக்கு ஆள் திரட்டுவதே அதன்படி தண்டனைக்குரியது. ரிசர்வ் வங்கியின் ‘சசேத்’ இணையதளத்தில், ஒரு நிறுவனத்துக்கு வைப்புத்தொகை பெற அனுமதி உண்டா என்று யாரும் பார்க்கலாம்.

ஆனால் எங்களிடம் அட்டை கொடுத்தது நிறுவனமல்ல. மூன்று வீடு தள்ளி இருக்கும், கமிஷனுக்காக வசூலித்த ஒரு பெண். அவரும் தம் தங்கையின் பணத்தை அதிலேயே கட்டியிருந்தார். அவர் முகத்துக்காகவே பலர் புகார் கொடுக்கவில்லை. கொடுக்கப் போன சிலரையும், சீட்டு நிறுவனத்தின் அலுவலகம் இராணிப்பேட்டைப் பக்கம் இருந்ததால், அங்கே போங்கள் என்று காவல்துறையினர் அனுப்பிவிட்டார்கள். 2019இல் எங்கள் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து, இராணிப்பேட்டை தனி மாவட்டமானது நிர்வாகத்துக்கு வசதியாக இருக்கலாம். கூலியை விட்டுவிட்டுப் பேருந்தில் அலைந்தவர்களுக்கு அப்படி இல்லை.

ஆகவே, இத்தகைய மோசடிகளை விசாரிக்கும் காவல்துறையின் பொருளாதாரக் குற்றப்பிரிவு அலுவலகத்தின் முகவரியையும், பதிவு பெற்ற சீட்டு நிறுவனங்களின் பட்டியலையும், உடனடியாக ஒவ்வொரு நியாயவிலைக் கடையிலும் ஒட்ட மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். விரைவிலேயே முதல் தவணை வசூலுக்கு வந்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அஞ்சல் ஊழியர்,
குடியாத்தம்.