கால்வாய்க்காரர்களின் திருவிழா

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வந்தது. பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டான் என்ற இடத்தை இவருக்கும் வாசித்துக் காட்டினேன். முட்டிவலிக்கு அந்த எண்ணெயை நடுவில் நிறுத்தாமல் தேய். இங்கே எல்லாரும் சுகம்.

இந்தத் தடவை சொல்ல ஒரு நல்ல விஷயம் இருக்கிறது, அதுவும் டிராயிங் டீச்சரான உனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும். லண்டனில் பாடிங்டன் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே லிட்டில் வெனிஸ் என்று ஓர் இடம், ரீஜென்ட்ஸ் கால்வாயும் கிராண்ட் யூனியன் கால்வாயின் பாடிங்டன் கிளையும் சேருகிற குளம். மே மாதத்து முதல் திங்கட்கிழமை இங்கே விடுமுறை இல்லையா, அதை ஒட்டி சனியிலிருந்து திங்கள் வரை அங்கே படகுத் திருவிழா. கேனல்வே கேவல்கேட் என்று பெயர், 1983இல் ஆரம்பித்தது. பக்கத்துத் தோழி அழைத்தாள் என்று போனேன், போனவள் மறுநாளும் போனேன்.

படகுகள் ஏழடி அகலம்தான், நீளம் மட்டும் எழுபது அடி வரை. படகை ஏற்றி இறக்கும் மதகுகளைப் பல கால்வாய்களில் அந்த அளவுக்குத்தான் அந்தக் காலத்தில் கட்டியிருக்கிறார்கள். கொடியும் தோரணமுமாக அவை நெருக்கி நிற்க, கரையில் பாட்டு, நாட்டுப்புற ஆட்டம், கைவினைக் கடைகள். ஒரு படகு முழுக்கப் பொம்மலாட்ட அரங்கு, 1982இலிருந்து நடக்கிறதாம். ஆனால் நான் அதிக நேரம் நின்றது ஓர் அம்மாள் தண்ணீர்க் கேனுக்கு வர்ணம் தீட்டிய இடத்தில். கரும்பச்சைப் பூச்சின் மேல் முதலில் அடர் சிவப்பில் ஒரு வட்டம், பென்சில் கோடே கிடையாது. அது காய்ந்ததும் பளிச்சென்ற சிவப்பைத் தூரிகை நிறைய எடுத்து, ஓர் இதழுக்கு ஓர் இழுப்பு, அழுத்தி ஆரம்பித்து மெதுவாகத் தூக்கி முடிக்கிறார். ஐந்தாறு இழுப்பில் ரோஜா வந்துவிட்டது! திருத்துவதே இல்லை. இலை நரம்புகளை மஞ்சளில் கடைசியாக இழுத்தார். ரோஜாவும் கோட்டையும்தான் இந்தப் படகுக்காரர்களின் சித்திரம். உன் பிள்ளைகளுக்கு இந்த ஒற்றை இழுப்பைச் சொல்லிக் கொடுத்துப் பாரேன்.

எதற்கு இவ்வளவு அலங்காரம் என்பது பழைய சரக்குப் படகு ஒன்றின் பின்னறைக்குள் குனிந்து போனபோது புரிந்தது. பத்தடிக்கு ஏழடி, அதுதான் ஒரு குடும்பத்தின் முழு வீடு. அலமாரிக் கதவை இறக்கினால் சாப்பாட்டு மேசை, இன்னொரு பலகையை இறக்கினால் கட்டில், மூலையில் கரி அடுப்பு. ரயில் வந்து சரக்குக் கூலி விழுந்ததும் கரையில் வீடு வைத்துக்கொள்ள முடியாமல் பெண்டாட்டி பிள்ளைகளோடு படகில் ஏறியவர்கள் நிறையப் பேர். பிள்ளைகள் படிக்கட்டும் என்று 1884இல் சட்டத்தையே திருத்தினார்கள், ஆனாலும் ஊர் ஊராகப் போகிற பிள்ளை எந்தப் பள்ளியில் உட்கார முடியும்? அந்தப் பத்தடியைத்தான் ஒரு அங்குலம் விடாமல் பூவாக்கி வைத்திருக்கிறார்கள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது வசந்தி.

இந்த விழாவை நடத்துகிற சங்கம் 1946இல் தொடங்கியது, கால்வாய்கள் தூர்ந்துகொண்டிருந்த காலம். 1950இல் மார்க்கெட் ஹார்பரோ என்ற ஊரில் படகுகளோடு நாடகம், கண்காட்சி எல்லாம் சேர்த்து ஒரு பெருவிழா எடுத்து ஊரையே திரும்பிப் பார்க்க வைத்தார்கள். கலையைக் கூட்டிக்கொண்டு போனதால்தான் ஜனங்கள் கால்வாய்ப் பக்கம் வந்தார்கள் என்பது என் எண்ணம்.

இப்போதும் படகில் குடியிருப்பவர்களுக்குச் சுலபம் இல்லை. படகைக் கட்டி நிறுத்த நிலையான துறை இல்லாதவர்கள் ஓர் இடத்தில் பதினான்கு நாளுக்கு மேல் நிற்கக் கூடாது. 2024இலிருந்து அவர்களுக்கு உரிமக் கட்டணத்தோடு கூடுதல் கட்டணமும் உண்டு. இருநூறு வருஷத்துக் கால்வாயைப் பராமரிக்கப் பணம் வேண்டும், 2027இலிருந்து அரசு மானியமும் குறைகிறது, அது சரி. ஆனால் சுமையை அலைகிறவர்கள் தலையிலா வைப்பது? ஒரு சின்னப் பெண்ணோடு படகில் இருக்கும் தாய் சொன்னாள், பள்ளிக்கூடம் ஒரு சமயம் நடக்கிற தூரம், இன்னொரு சமயம் இரண்டு பஸ் மாற வேண்டும் என்று. கரியும் டீசலும் விற்கும் படகுக்காரர்தான் அவளுக்கு நிரந்தரமாகத் தெரிந்த ஒரே ஆள். அப்படிப்பட்டவர்கள் இந்த மூன்று நாளும் வரிசையாகப் பக்கத்து வீட்டுக்காரர்களாக இருந்து, ஒருவர் படகில் டீ, இன்னொருவர் படகில் இரவுச் சாப்பாடு என்று பழகுவதைப் பார்த்தேன். எனக்கு விழா என்றால் அதுதான். கரையில் கடை பார்க்க வருகிற கூட்டம் அதற்கு அப்புறம்தான்.

ஞாயிறு இரவு விளக்கு போட்ட படகுகளின் ஊர்வலமும் உண்டு. உன் மகளைப் பார்க்க அடுத்த வருஷம் வரும்போது டிக்கெட்டை மே முதல் வாரத்தைச் சேர்த்தாற்போல் போடு, தங்குவது நம் வீட்டில்தான். ரோஜா போடுகிற வீடியோ எடுத்திருக்கிறேன், தனியாக அனுப்புகிறேன். அண்ணனின் கண் ஆபரேஷன் எப்போது என்று எழுது.

அன்புடன்,
சாந்தா