கேப் வெர்டே: சலுகையில் வந்த தகுதியன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2026 உலகக் கோப்பைக் கால்பந்துக்கு மேற்கு ஆப்பிரிக்கத் தீவு நாடான கேப் வெர்டே தகுதி பெற்றதைப் பற்றிப் பேசுவோர் பலரும், அணிகளின் எண்ணிக்கை 48 ஆக உயர்ந்ததால் வந்த வாய்ப்பு என்று ஒரே வரியில் முடித்துவிடுவது வருத்தமளிக்கிறது. ஆப்பிரிக்காவின் நேரடி இடங்கள் ஐந்திலிருந்து ஒன்பதானது உதவியது உண்மைதான். ஆனால், எட்டு உலகக் கோப்பைகளில் ஆடிய கேமரூனைப் பின்னுக்குத் தள்ளி, 23 புள்ளிகளுடன் தகுதிச் சுற்றுப் பிரிவில் முதலிடம் பிடித்ததை யாரும் தூக்கிக் கொடுக்கவில்லை. 2024 ஜூனில் கேமரூன் தலைநகர் யவுண்டேயில் 1-4 என்று தோற்ற அணி, 2025 செப்டம்பரில் தன் தலைநகர் பிரயாவில் டைலான் லிவ்ரமென்டோ அடித்த ஒரே கோலால் அதே கேமரூனை வென்றது. அக்டோபர் 13 அன்று எஸ்வாத்தினி நாட்டு அணியை 3-0 என வீழ்த்தியபோது, மூன்றாவது கோலை அடித்த ஸ்தோபிராவுக்கு வயது 37.

இது திடீரென வந்த வெற்றியும் அன்று. 2013-இல் முதன்முறையாக ஆடிய ஆப்பிரிக்கக் கோப்பையிலேயே காலிறுதி வரை சென்றார்கள். அதே ஆண்டு, உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் துனிசியாவை அதன் மண்ணிலேயே 2-0 என வென்றும், தடையில் இருந்த ஒரு வீரரைக் களமிறக்கியதால் அந்த வெற்றி பறிக்கப்பட்டு, தகுதிப் போட்டியின் கடைசிச் சுற்றில் ஆடும் வாய்ப்பு துனிசியாவுக்குப் போனது.

வெளிநாட்டில் பிறந்தவர்களைத் திரட்டிய அணி என்ற குறையும் சொல்லப்படுகிறது. வறட்சியும் பஞ்சமும் தலைமுறை தலைமுறையாக மக்களைக் கடல் கடந்து துரத்திய நாடு அது. அவர்களுடைய பிள்ளைகளை அந்நியர் என்பது எந்த வகையில் நியாயம்? டப்ளினில் பிறந்த தடுப்பாட்டக்காரர் ராபர்ட்டோ லோப்பஸின் தந்தை கேப் வெர்டேக்காரர். லிங்க்ட்இன் தளத்தில் போர்த்துகீசிய மொழியில் வந்த தேசிய அணிக்கான அழைப்பை வேண்டாத செய்தி என்று ஒதுக்கிவிட்ட அவர், பல மாதங்கள் கழித்தே விவரம் புரிந்து அணியில் சேர்ந்தார். ஏறத்தாழ ஐந்தேகால் லட்சம் பேரே வாழும் நாடு, தன் பிள்ளைகளை இப்படித் தேடிப் பிடித்துத்தான் அணி சேர்க்க வேண்டியிருக்கிறது.

உள்நாட்டு ஆட்டமும் கவனத்துக்குரியது. தீவுக்குத் தீவு தனித்தனி லீக் நடத்தி, அவற்றில் வென்ற அணிகள் கடல் தாண்டிச் சென்று தேசியப் பட்டத்துக்காக மோதுகின்றன. பயிற்சியாளர் புபிஸ்தாவும் போவா விஸ்தா தீவில் பிறந்தவரே. தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் இந்தத் தீவு லீக்குகளைப் பற்றி விரிவான கட்டுரை ஒன்றை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கால்பந்து ஆர்வமுள்ள வாசகர்