எம்.டி. டயர் வேண்டாம், பாப்பா

கிருஷ்ணகிரி
ஆடி மாசம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுறது. இங்க எல்லாரும் நலம். ஃபோன்ல சொல்லலாம்னு பார்த்தா, நான் வாயைத் திறக்கறதுக்குள்ள உங்க அம்மா வாங்கிக்கிறா. சாப்பிட்டியா, தலைக்குக் குளிச்சியா, பாலக்கோட்டுக்காரங்க மறுபடி பொண்ணு கேட்டாங்க. நீயும் "மீட்டிங்மா"ன்னு வச்சிடுற. அதனால இந்த டயர் காத்து பார்க்கிற மீட்டரோட கடுதாசியையும் சேர்த்துப் பார்சல்ல போடுறேன். மீட்டர் நல்ல மீட்டர். கடையில நான் வச்சிருக்கிற மாதிரியே இன்னொண்ணு. பெட்ரோல் பங்க்ல இருக்கிறதை நம்பாதே.

நீ அனுப்பின டயர் போட்டோவைப் பார்த்தேன். "இது போடலாமாப்பா?"ன்னு ஒரே வரி. என்கிட்ட டயர் பத்தி நீ கேட்டு எத்தனை வருஷம் ஆச்சு! கடையில எல்லாருக்கும் காட்டினேன். ஸ்பேனர் தூக்க முடியாத வயசுலயே அது மேலயே ஏறி நின்னு வீல் நட்டு கழட்டின பொண்ணாச்சே, வேற யாரைக் கேட்பான்னு சின்ன மாமா சொன்னார்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். எம்.டி., அதான் சேத்துக்குன்னே செய்யற மட் டெரெய்ன் டயர், வேண்டாம். ஏ.டி., அதான் ரோடு, மண்ணு ரெண்டுக்கும் ஆகிற ஆல் டெரெய்ன், போடு.

உன் கூட சேத்துல வண்டி ஓட்ட வர்றவங்க எல்லாம் எம்.டி. போட்டிருப்பாங்க, தெரியும். பார்க்க ஜோராத்தான் இருக்கும். டயர் மேல துருத்திக்கிட்டு ரப்பர் கட்டி, பெரிய பெரிய பட்டன், நடுவுல விரல் உள்ள போற அளவுக்கு இடைவெளி. அந்த இடைவெளிதான் அதோட வேலையே. சேத்துல இறங்கினா முதல் சுத்துலயே பள்ளமெல்லாம் சேறு அடைச்சுக்கும். அடைச்ச சேறு வெளியே போகலைன்னா எவ்வளவு பெரிய பட்டனா இருந்தாலும் மொட்டை டயர்தான். எம்.டி.யில இடைவெளி அகலமா இருக்கறதால சக்கரம் சுத்துற வேகத்துல சேறு பிச்சுக்கிட்டுப் போகும், அடுத்த சுத்துக்குப் பட்டன் சுத்தமா கீழே வரும். பட்டன் சைடு வரைக்கும் இறங்கியிருக்கறதால, பள்ளத்துல சிக்கினாலும் ஓரத்து மண்ணைப் பிடிச்சு ஏறும். ஏ.டி.யில பட்டன் நெருக்கமா இருக்கும். களி மண்ணுல சீக்கிரம் அடைச்சுக்கும். மறுக்கலை.

ஆனா நீ வாரத்துல ஆறு நாள் எங்க ஓட்டுற? தார் ரோட்டுல. ஏ.டி. டயர் பட்டனைத் தடவிப் பாரு, மேல கத்தியால கீறின மாதிரி மெல்லிசா கோடு கோடா இருக்கும். மழைத் தண்ணியிலயும் ரோட்டைக் கவ்விப் பிடிக்கறது அந்தக் கோடுங்கதான். எம்.டி.யில அது கம்மி, இல்லைன்னே சொல்லலாம். தரையைத் தொடுற ரப்பரும் கம்மி. மழையில பிரேக் அடிச்சா நிக்க வேண்டிய இடத்துல நிக்காது, தள்ளிப் போய்த்தான் நிக்கும். வேகமாப் போனா ஊளை சத்தம் வேற. எடை அதிகம், மைலேஜ் குறையும், சீக்கிரம் தேயும். மழை நாள்ல எஸ்டேட்டுக்குள்ள தினம் மூட்டை ஏத்துறவங்களுக்கு எம்.டி. வேணும். ஞாயித்துக்கிழமை சக்லேஷ்பூர் போய் காப்பித் தோட்டத்துல புரண்டுட்டுத் திங்கக்கிழமை ஆபீஸ் போறவங்களுக்கு ஏ.டி. போதும். தொப்பூர் இறக்கத்துல ஈர ரோட்டுல ஒரு லாரி பின்னாடி பிரேக் மிதிக்கறப்ப உனக்கு ஏ.டி.தான் வேணும்.

அளவு பத்தி. உன் வண்டிக்குக் கம்பெனி கொடுத்தது 255/65 ஆர் 18. நீ போட்டோ அனுப்பின டயர் 265/70 ஆர் 18. படிக்கத் தெரியாதவனா அப்பா? குறுக்களவு கணக்குப் போட்டா 789 மில்லிமீட்டர் எங்க, 828 மில்லிமீட்டர் எங்க. நாலு சென்டிமீட்டர் பெரிசு. அதுல பாதிதான், ரெண்டு சென்டிமீட்டர், வண்டியோட அடிவயித்துக்குக் கிடைக்கும். அதுக்காக எவ்வளவு விடுற பாரு: ஸ்பீடோமீட்டர் 80 காட்டுறப்ப வண்டி 84-ல போகும். பிக்கப் குறையும். ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சா உள்ள உரசினாலும் உரசும். ஏதாவது ஆச்சுன்னா இன்ஷூரன்ஸ்காரன் முதல்ல டயரைத்தான் பார்ப்பான். கம்பெனி கொடுத்த அமைப்பை மாத்தக் கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் 2019-லயே சொல்லிடுச்சு. அதே 255/65-லயே நல்ல ஏ.டி. வாங்கு. அகலம் கூடினா சேத்துல நல்லதுன்னு யாராவது சொன்னா, பாதி உண்மை. ஆழமான சேத்துல அகல டயர் மிதக்கும், சரி. மேல வழுக்கு, அடியில கெட்டியா இருந்தா ஒல்லி டயர்தான் கீறிக்கிட்டு இறங்கிக் கெட்டியைத் தொடும். அரூர் பக்கம் மலையூருக்கெல்லாம் நான் ஜீப்புல அரிசி ஏத்தினது 6.00-16 டயர்ல. ரொம்ப வழுக்கினா தாம்புக்கயித்தை டயரோட சுத்திக் கட்டுவோம், அதுவும் முடியலைன்னா இறங்கி நடப்போம். எல்லா இடத்துக்கும் டயர் ஏறணும்னு ஒண்ணுமில்லை. கோட்டூர் மலைக்கு எலெக்‌ஷன் சமயத்துல ஓட்டு மிஷின் கழுதை முதுகுலதானே போச்சு.

போட்டோவுல டயரை மட்டும்தான் பார்த்தேன். பக்கத்துல ஒரு ஷூ இருந்தது, பத்தாம் நம்பர் இருக்கும், சேறும் சகதியுமா. அது யாருதுன்னு நான் கேட்கலை. நல்ல ஷூதான், அடியில பட்டன் நல்லா இருக்கு.

நான் சொல்ல வந்தது சைடுவால், டயரோட பக்கச் சுவர். கடையில கேட்கறப்ப, சைடு எத்தனை ப்ளை, அதாவது எத்தனை அடுக்குன்னு கேளு. நம்ம ஊர்ல கிரானைட் ஜல்லி லாரிங்களைப் பார்த்திருக்க இல்ல? டயர் போறதெல்லாம் சைடுலதான். நடுவுல ஆணி குத்தினா பஞ்சர் ஒட்டலாம். சைடு கிழிஞ்சா ஒட்டக் கூடாது, தூக்கித்தான் போடணும். ஒட்டித் தர்றேன்னு எவனாவது சொன்னா கும்பிடு போட்டுட்டு வா. அப்புறம் சைடுல நாலு எண் போட்டிருப்பான், 2325-ன்னு இருந்தா 2025-ல 23-வது வாரம் செஞ்சது. அதைப் பார்க்காம பில் போட விடாதே. சின்ன மாமாவுக்குப் பெங்களூர்ல ஒரு கடையில பழைய ஸ்டாக்கைப் புதுசுன்னு தலையில கட்டினது உனக்கு ஞாபகம் இருக்கும்.

அஞ்சும் ஒரே மாதிரி வாங்கு. ஸ்டெப்னியையும் சேர்த்துத்தான் சொல்றேன். உன்னது நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி, முன்னாடி ஒரு அளவு பின்னாடி ஒரு அளவுன்னா கியர் பெட்டிக்குள்ள ஒண்ணை ஒண்ணு முறுக்கிக்கும். காசு பத்தலைன்னா சொல்லு. சொல்ல மாட்ட, தெரியும். வண்டி வாங்கினப்பவே சொல்லலையே. அவ்வளவு பெரிய வண்டியை யார்கிட்டயும் ஒரு பைசா கேட்காம வாங்கினவ என் பொண்ணுன்னு ஊர் பூரா சொல்லிட்டு இருக்கேன். சாவி வாங்கின போட்டோவை மட்டும் ஃபேமிலி குரூப்புல, எல்லாரும் பார்த்ததுக்கு அப்புறம்தான் நான் பார்த்தேன்.

காத்துதான் முக்கியம், டயரை விட முக்கியம். ரோட்டுக்குக் கதவோரத்து ஸ்டிக்கர்ல போட்டிருக்கிற அளவு. சேத்துல இறங்கறதுக்கு முன்னாடி மீட்டர்ல 20 பி.எஸ்.ஐ.க்கு இறக்கு, தேவைப்பட்டா 18. டயர் தட்டையா விரிஞ்சு நிறைய மண்ணைப் பிடிக்கும். 15-க்குக் கீழே போகாதே, திருப்புறப்ப டயர் ரிம்மை விட்டுக் கழண்டுக்கும். வெளியே வந்ததும் காத்தை ஏத்தாம தார் ரோட்டுல ஓட்டாதே, சூடேறி வெடிச்சிடும். அடிக்கிற மோட்டார் ஒண்ணு வண்டியிலயே வச்சுக்கோ. சிக்கிக்கிட்டா ஆக்ஸிலேட்டரை மிதிச்சு மிதிச்சுக் குழி தோண்டாதே. இறங்கிப் பாரு. சக்கரத்துக்கு முன்னாடி மண்ணை வெட்டி, தழையோ கோணிச் சாக்கோ போடு.

அதுக்குத்தான் சொல்றேன், தனியா சேத்துல இறங்காதே. இழுக்க இன்னொரு வண்டி இல்லாம எந்த டயரும் பத்தாது. கயிறு கட்டி இழுக்கறப்ப கயித்துக்கு நேரா யாரும் நிக்கக் கூடாது, அறுந்தா ஆளையே எடுத்துடும். உன் கூட வர்றவருக்கு இதெல்லாம் தெரியுமா? பெல்ட் போட்டு ஓட்டுறாரா? நீ ஓட்டுறியா, அவர் ஓட்டுறாரா?

சுத்தி வளைக்கலை, சொல்லிடுறேன். வண்டி ஃபாஸ்டேக் என் நம்பர்லதான் இருக்கு. நீதான் அவசரத்துல கொடுத்த. வைகாசியில ஒரு சனிக்கிழமை காலையில அத்திபள்ளி டோல், அப்புறம் நம்ம கிருஷ்ணகிரி டோல். உங்க அம்மாகிட்ட சொல்லாம கடைக்குப் போற வழியில அரை கிலோ நாட்டுக்கோழி சொல்லிட்டு வந்தேன், நீ வீட்டுக்குத்தான் வர்றேன்னு. கொஞ்ச நேரம் கழிச்சுப் பாளையம் டோல்னு மெசேஜ் வந்தது. தருமபுரி தாண்டிட்ட. தொப்பூர்ல மழைன்னு அன்னைக்கு லாரிக்காரங்க சொன்னாங்க. ராத்திரி திரும்பற மெசேஜ் வர்ற வரைக்கும் கடையைச் சாத்தலை. கிருஷ்ணகிரி டோல்ல இருந்து வீடு எவ்வளவு தூரம்னு உனக்கே தெரியும்.

எங்க போனேன்னு கேட்கலை. உங்க அம்மாவுக்கும் தெரியாது. கோழியை நானும் சின்ன மாமாவும் கடையிலயே சமைச்சுச் சாப்பிட்டோம்.

இன்னொண்ணு, ஓடுற தண்ணியில மட்டும் இறங்காதே. எவ்வளவு நல்ல டயரா இருந்தாலும் சரி, யார் பக்கத்துல உட்கார்ந்து "போகலாம்"னு சொன்னாலும் சரி. 2024 டிசம்பர்ல ஊத்தங்கரையில ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர் மழை கொட்டினப்ப, ரோட்டோரம் நின்ன காரும் வேனும் அப்படியே இழுத்துக்கிட்டுப் போனதை நீயும் டி.வி.யில பார்த்திருப்ப. டயர் பெருசானா காத்தும் அதிகம், இன்னும் லேசா மிதக்கும். தண்ணிக்கு அடியில தரை இருக்கா பள்ளம் இருக்கான்னு டயருக்குத் தெரியாது. நின்னு பாரு, வடியற வரைக்கும் காத்திரு. காட்டுக்குள்ளயும் போகாதே. அஞ்செட்டி, ஜவளகிரி பக்கம் இப்ப யானை நடமாட்டம், ஃபாரஸ்ட்காரங்க வண்டியைப் பிடிச்சா விட மாட்டாங்க.

பாலக்கோட்டுக்காரங்களுக்கு ஆடி முடியற வரைக்கும் ஒண்ணும் சொல்ல வேண்டாம்னு உங்க அம்மாவை நிறுத்தி வச்சிருக்கேன். பையன் நல்ல பையன்தான், மாங்கூழ் ஃபேக்டரியில வேலை, அதெல்லாம் உனக்குத் தெரியும். ஆவணி பொறந்தா என்னால நிறுத்த முடியாது. அதுக்குள்ள நீ எங்கிட்ட ஏதாவது சொல்றதா இருந்தா சொல்லு. அம்மாகிட்ட எப்படிச் சொல்லணும்னு நான் பார்த்துக்கிறேன்.

ஆடிப் பதினெட்டுக்கு வா. ஒகேனக்கல் கூட்டத்துல எல்லாம் போக வேண்டாம், வீட்டுலயே படைக்கலாம். வண்டியைக் கொண்டு வா, அலைன்மெண்ட் நானே பார்க்கிறேன். வண்டியில இன்னொருத்தர் வர்றதா இருந்தா முன்னாடியே ஒரு மெசேஜ் போட்டுடு, கறி எவ்வளவு எடுக்கறதுன்னு தெரியணும்.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: ஃபாஸ்டேக்கை உன் நம்பருக்கே மாத்திக்கோ. ஓ.டி.பி. என் ஃபோனுக்கு வந்தா சொல்லிடுறேன், மதியம் சாப்பாட்டு நேரத்துல கேளு, கடையில கூட்டம் இருக்காது.