ஓவியர் நூலையும் அளந்து எழுதுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கல்லூரி நூலகங்களைப் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். இட நெருக்கடி, மின்னூல், நிதி எல்லாம் அதில் வந்துவிட்டன. நூலகத்தில் உள்ள ஒவ்வொரு நூலின் விவரத்தையும் பதிந்து வைக்கும் நூல் அட்டவணையைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. பணிக்காலம் முழுக்க அந்த வேலையைச் செய்தவன் என்பதால் எழுதுகிறேன்.

நூல் என்ற வடிவத்தையே கலைப்படைப்பாக ஆக்குகிற ஓவியர்கள் உண்டு. ‘கலைஞர் நூல்’ என்றால் தமிழ்நாட்டில் வேறு பொருள் வந்துவிடும் என்பதால் நாங்கள் ‘ஓவியர் நூல்’ என்றே சொல்வோம். இவற்றில் தாள், மை, மடிப்பு, தையல் எல்லாமே உள்ளடக்கம்தான். நம் சென்னையிலேயே தாரா புக்ஸ் 2006-ல் ‘தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’ வெளியிட்டது. பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி என்ற மூன்று கோண்டு பழங்குடி ஓவியர்கள் வரைந்த மரங்கள். கருப்புத் தாளில் ஸ்கிரீன் பிரிண்டிங் முறையில் கையாலேயே அச்சிட்டு, கையாலேயே தைத்தது. விரலால் தடவினால் மை லேசாகத் தட்டுப்படும். ஒவ்வொரு பிரதிக்கும் தனி எண் உண்டு.

இப்படி ஒரு நூல் வந்தால் நாம் என்ன செய்கிறோம்? ஐ.எஸ்.பி.என். எண்ணைத் தட்டி, வேறொரு நூலகம் போட்டு வைத்த பதிவை அப்படியே கோஹா என்ற நூலக மென்பொருளில் இறக்கிக்கொள்கிறோம். தலைப்பு, பெயர்கள், பதிப்பகம், ‘பக்க எண் இல்லை’. அவ்வளவுதான். படம் நிறைய இருந்தால் சிறுவர் அடுக்குக்குப் போய்விடும். ஸ்கிரீன் பிரிண்டிங் நூல் ஏதாவது இருக்கிறதா என்று ஒரு நுண்கலை மாணவி வந்து கேட்டால், அலமாரியில் இருந்தும் இல்லை என்றுதான் கணினி சொல்லும்.

நான் வேலை பார்த்த கல்லூரியில் விசிறி மடிப்பில் ஒரு நூல் இருந்தது. நீட்டி விரித்தால் மேசையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே ஆறு ஓடும். பதிவில் மடிப்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஒரு கோடை விடுமுறையில் பைண்டிங்குக்குப் போன கட்டோடு அதுவும் போய்விட்டது. திரும்பி வந்தபோது இடது ஓரம் முழுக்கத் தைத்து, முதுகில் காலிகோ துணி ஒட்டியிருந்தது. ஓடிக்கொண்டிருந்த ஆறு, துண்டு துண்டாக நின்றுவிட்டது. பைண்டரை எப்படிக் குறை சொல்வது? அவர் கைக்குப் போனது நாங்கள் கொடுத்த பட்டியல். அதில் நாங்கள் எதுவும் சொல்லவில்லையே.

நூலை அளந்து விவரமாக எழுதும் பழக்கம் நமக்குப் புதிதும் அல்ல. சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தின் பழைய விளக்க அட்டவணைகளைப் புரட்டிப் பாருங்கள். எழுதப்பட்ட பொருள் பனையோலையா தாளா, நீள அகலம் எத்தனை அங்குலம், எத்தனை பக்கம், பக்கத்துக்கு எத்தனை வரி, என்ன எழுத்து, சிதைந்திருக்கிறதா என்று ஒவ்வொரு சுவடிக்கும் எழுதியிருப்பார்கள். கையில் எடுத்து, அளந்து, எண்ணியவர்களின் வேலை அது. ஓவியர் நூலுக்கும் அதே கண் வேண்டும் என்கிறேன்.

கணினியில் நூல் விவரங்களைப் பதிய நூலகங்கள் பின்பற்றும் மார்க் 21 முறையில் இதற்கெல்லாம் எண்ணிட்ட இடம் இருக்கிறது. 300-ல் அளவு, 563-ல் கட்டிய விதம், 655-ல் வகைப் பெயர், 700-ல் அச்சிட்டவர் பெயர், அப்புறம் நம் பிரதியின் எண்ணுக்கு ஒரு குறிப்பு. ஒரு நூலுக்கு இருபது நிமிடம் கூடுதலாகும். ஆகட்டுமே.

1963-ல் அமெரிக்க ஓவியர் எட் ருஷே 26 பெட்ரோல் பங்குகளின் புகைப்படங்களை வைத்து 400 பிரதிகள் போட்ட சிறு நூலை அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் வேண்டாம் என்று திருப்பி அனுப்பியது. இன்று அதே நூலகத்தின் வகைப்பாட்டில் N7433 என்ற எண்ணின் கீழ் ஓவியர் நூல்களுக்குத் தனி இடம் உண்டு.

நூலகர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாங்கும்போதே பதிப்பகத்துக்கு ஒரு ஃபோன் போட்டு, அச்சிட்டது யார், எத்தனை வண்ணம், எத்தனை பிரதி என்று கேட்டு எழுதி வையுங்கள். அச்சிட்ட கைகள் இன்னும் நம் பக்கத்திலேயே இருக்கின்றன.

அந்த விசிறி நூலின் பதிவை ஓய்வு பெறுவதற்கு முன் நானே திருத்தினேன். ‘விசிறி மடிப்பு, விரித்தால் ஒரே படம். இந்தப் பிரதி பைண்டிங்கில் தைக்கப்பட்டுவிட்டது’ என்று குறிப்பில் சேர்த்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கல்லூரி நூலகர்,
சென்னை