முதல் பல்பு தின்றுவிடவில்லை

பத்தாம் வகுப்புக்கு மின்னோட்டவியல் பாடத்தை இந்த வாரம் முடித்துவிட்டேன். முடித்தேன் என்று நான் எழுதிக்கொண்டாலும், பாடுபட்டவர்கள் வேறு பலர்.

ஆண்டுதோறும் வண்டி ஒரே இடத்தில்தான் நின்றுவிடும். பல்புகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கும் தொடரிணைப்பில் முதல் பல்பு மின்னோட்டத்தில் பாதியைத் தின்றுவிடும், மிச்சம்தான் இரண்டாவதற்கு என்று பிள்ளைகள் சாதிப்பார்கள். ஆய்வகத்தில் மின்னோட்டத்தை அளக்க உள்ள அம்மீட்டர்களில் இரண்டுக்கு முள் நகராது. மூன்றாவது தன் விருப்பம்போல் ஓர் அளவைக் காட்டும். எதை வைத்து மறுப்பது?

கொலராடோ பல்கலைக்கழகத்தின் 'ஃபெட்' குழுவுக்கு முதல் நன்றி. நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-இல் தொடங்கிய திட்டம் அது. கணினித் திரையிலேயே சுற்றை அமைத்துப் பார்க்கும் அவர்களுடைய மின்சுற்று உருவகப்படுத்தலுக்குக் காசு வேண்டாம். திரையில் 9 வோல்ட் மின்கலம், 10 ஓம் பல்பு: 0.90 ஆம்பியர். இன்னொரு பல்பைத் தொடரில் சேர்த்தோம். முதல் பல்புக்கு முன்னால் 0.45, நடுவில் 0.45, கடைசியிலும் 0.45. நீலப் புள்ளிகளாக எலக்ட்ரான்கள் சுற்று முழுவதும் ஒரே சீராக நகர்ந்தன. "அப்படியென்றால் தின்னவில்லையா, சார்?" என்றது கடைசி பெஞ்சு.

எலக்ட்ரான்கள் எதிர்மின்வாயிலிருந்து கிளம்புவதைப் பார்த்த ஒருத்தி, புத்தகத்தில் மின்னோட்டத்தின் அம்புக்குறி நேர்முனையிலிருந்து கிளம்பித் தலைகீழாக இருக்கிறதே என்றாள். அதற்கே ஒரு பீரியட் போனது. போகட்டும்.

இணையம் படுத்துக்கொள்ளும் என்று தெரிந்து, அந்த உருவகப்படுத்தலைப் பென் டிரைவில் இறக்கிக் கொண்டுவந்து தந்த பழைய மாணவனுக்கும், புரொஜெக்டரை விட்டுக்கொடுத்த கணித ஆசிரியைக்கும் நன்றி.

டார்ச் பல்புகளையும் ஒயரையும் கணக்குப் பார்க்காமல் அள்ளித் தந்த எலக்ட்ரிக் கடைக்காரருக்குத் தனி நன்றி. அவை இல்லாவிட்டால் எல்லாம் திரை வேடிக்கையாகவே நின்றிருக்கும். திரையில் ஒயர் நழுவாது. மின்கலத்தின் இரு முனைகளையும் வெறும் ஒயரால் இணைத்த குறுக்குச் சுற்றில் திரை மின்கலம் தீப்பிடித்தபோது சிரித்தவர்கள், உண்மையான மின்கலம் கைக்கு வந்ததும் ஒயர் நுனிகளைத் தள்ளித் தள்ளிப் பிடித்தார்கள். ஒரு குழுவுக்குப் பல்பு எரியவே இல்லை. நானும் மின்கலத்தை மாற்றிப் பார்த்தேன். பக்கத்துக் குழுப் பெண் எட்டிப் பார்த்து, "உறையைச் சீவாமலே முறுக்கியிருக்கிறீர்கள்" என்றாள். அவளுக்கும் நன்றி.

தம்பி, உன் பென் டிரைவ் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு ஆசிரியை கேட்டிருக்கிறார். அவர் பார்த்து முடித்ததும் தருகிறேன்.