ஏசாயா ஏழாம் அதிகாரத்தை முழுதாக வாசி, மகனே

கர்த்தருக்குள் பிரியமான மகன் சாமுவேலுக்கு, அப்பா எழுதுவது.

உன் மின்னஞ்சலை நானும் அம்மாவும் வாசித்தோம். உன்னோடு அறையில் தங்கியிருக்கும் யூதப் பையனோடும், வேலையிடத்தில் இருக்கும் நம்ம காயல்பட்டினத்து நண்பரோடும் வேதத்தைப் பற்றி வாக்குவாதமாகி, இப்போது மூன்று பேரும் சரியாகப் பேசிக்கொள்வதில்லை என்று எழுதியிருக்கிறாய். "அப்பா, நீங்க எபிரெயு படிச்ச சபை ஐயர். அவங்க வாயை அடைக்கிற மாதிரி ஒரு பதில் அனுப்புங்க" என்று கேட்டிருக்கிறாய். வாயை அடைக்கிற பதில் என்னிடம் இல்லை. இருந்தாலும் அனுப்ப மாட்டேன். ஆனால் விஷயம் என்ன என்று சொல்ல வேண்டியது என் கடமை. கொஞ்சம் நீளும், பொறுமையாக வாசி.

முதலில், இயேசுவின் பிறப்பைச் சொல்வதாக நாம் வாசிக்கிற ஏசாயா 7:14. அங்கே "கன்னி" என்ற சொல் இல்லை என்று அந்த யூதப் பையன் சொன்னது சரிதான். நம் பழைய வேதாகமத்தில் "ஒரு கன்னிகை கர்ப்பவதியாகி" என்று இருக்கிற இடத்தில், எபிரெயுவில் உள்ள சொல் "அல்மா". வயதுக்கு வந்த இளம்பெண் என்று அதற்குப் பொருள். நம்ம ஊரில் "வீட்டில் ஒரு குமர் இருக்கு" என்று சொல்வார்கள் அல்லவா, ஏறக்குறைய அதுபோல. கேட்கிறவர்கள் அவள் மணமாகாதவள் என்று எடுத்துக்கொள்வார்கள். ஆனால் அந்தச் சொல் அவள் கன்னிமைக்குச் சாட்சி சொல்ல வந்தது இல்லை. கன்னி என்பதற்கு எபிரெயுவில் "பெத்தூலா" என்ற சொல் அதிகம் வரும். ஆதியாகமம் 24:16இல் ரெபெக்காளைப் பெத்தூலா என்று சொன்ன பிறகும், "ஒரு புருஷனையும் அறியாதவள்" என்று வசனமே சேர்த்துச் சொல்கிறது. அதே அதிகாரத்தில் 43ஆம் வசனம் அதே ரெபெக்காளை அல்மா என்கிறது. ஆகவே அல்மா கன்னியாக இருக்கலாம். கன்னிதான் என்று அந்தச் சொல்லை மட்டும் வைத்து நிலைநாட்ட முடியாது.

இன்னொன்று. "கர்ப்பவதியாகி" என்று நாம் எதிர்காலமாக வாசிக்கிற இடத்தில் எபிரெயுவில் இருப்பது "ஹாரா". கர்ப்பமாய் இருக்கிறவள் என்றுதான் அதை இயல்பாக எடுத்துக்கொள்ளத் தோன்றும். ஆதியாகமம் 16:11இல் தேவதூதன் ஆகாரிடம், "நீ கர்ப்பவதியாயிருக்கிறாய், ஒரு குமாரனைப் பெறுவாய்" என்று சொல்லி, பிள்ளைக்குப் பெயரும் சொல்கிறான். அங்கே இருப்பதும் இதே சொல், வாக்கியமும் கிட்டத்தட்ட இதே அமைப்பு. அங்கே மட்டும் நிகழ்காலம், இங்கே எதிர்காலம் என்று பிரிக்க எபிரெயு இலக்கணம் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை. 1995இல் வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பை அம்மாவின் அலமாரியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். "கருவுற்றிருக்கும் அந்த இளம்பெண்" என்றுதான் போட்டிருக்கிறார்கள். அதே புத்தகத்தில் மத்தேயு 1:23இல் "கன்னி" என்றே இருக்கிறது. இரண்டையும் அந்தந்த மூலத்தில் உள்ளபடி விட்டிருக்கிறார்கள். அது நேர்மையான காரியம் என்று நான் நினைக்கிறேன்.

இப்போது அந்த அதிகாரத்தை முதலிலிருந்து வாசி. சீரியாவின் ரேத்சீனும் இஸ்ரவேலின் பெக்காவும் சேர்ந்து எருசலேமின் மேல் படையெடுத்து வருகிறார்கள். கி.மு. 734ஐ ஒட்டிய காலம். யூதாவின் ராஜா ஆகாஸ் நடுங்கிப்போயிருக்கிறான். வண்ணார் துறைப் பாதையில் உள்ள மேல்குளத்து மதகருகே, தன் மகனையும் கூட்டிக்கொண்டு ஏசாயா அவனைப் போய்ப் பார்க்கிறார். பயப்படாதே, இந்த இரண்டு பேரும் புகைகிற கொள்ளிக்கட்டைகள் என்கிறார். அடையாளம் கேள் என்கிறார். அவன் கேட்கவில்லை. அப்போதுதான், ஒரு பெண் பெறும் பிள்ளைக்கு இம்மானுவேல், அதாவது "தேவன் நம்மோடு" என்று பெயரிடுவாள் என்ற 14ஆம் வசனம் வருகிறது. உடனே 16ஆம் வசனம்: தீமையை வெறுத்து நன்மையைத் தெரிந்துகொள்ள அந்தப் பிள்ளை அறியும் முன்னே, நீ அஞ்சுகிற இரண்டு ராஜாக்களின் தேசம் வெறுமையாகும். அப்படியே நடந்தது. கி.மு. 732இல் அசீரியாவின் திகிலாத்பிலேசர் தமஸ்குவைப் பிடித்தான். அடுத்த அதிகாரத்திலேயே தீர்க்கதரிசியின் மனைவிக்கு ஒரு மகன் பிறக்கிறான். அவன் "அப்பா, அம்மா" என்று கூப்பிட அறியும் முன் தமஸ்குவின் ஆஸ்தி கொள்ளைபோகும் என்று அங்கேயும் வருகிறது. இதையெல்லாம் சேர்த்துப் பார்த்துத்தான், 11ஆம் நூற்றாண்டில் ராஷி என்ற யூத உரையாசிரியர், இந்த இளம்பெண் தீர்க்கதரிசியின் மனைவி என்று எழுதினார். ஆகாஸின் வயிற்றில் புளியைக் கரைத்துக்கொண்டிருந்த அந்த வாரத்துக்குச் சொல்லப்பட்ட வார்த்தை அது. எழுநூறு வருஷம் கழித்து ஒரு பிள்ளை பிறக்கும் என்பது மட்டும்தான் செய்தி என்றால், அந்த மனுஷனுக்கு அது என்ன அடையாளம்? இந்தக் கேள்வியை உன் நண்பன் கேட்டால், அவன் வேதத்தை அவமதிக்கிறான் என்று நினைக்காதே. அவன் அதை வாசித்திருக்கிறான்.

ஆனால் அவன் சொன்ன இன்னொன்று தவறு. கிறிஸ்தவர்கள் வேண்டுமென்றே "கன்னி" என்று மாற்றிவிட்டார்கள் என்றானாமே. மாற்றியது நாம் இல்லை. இயேசு பிறப்பதற்கு முன்பே, கிரேக்கம் பேசிய யூதர்களே ஏசாயாவை மொழிபெயர்த்தபோது "பார்த்தெனோஸ்" என்று போட்டார்கள். அதுதான் செப்துவஜிந்த். மத்தேயு எடுத்தாண்டது அந்த வாசகத்தை. அந்த யூத மொழிபெயர்ப்பாளர்கள் ஒரு அற்புதப் பிறப்பை மனதில் வைத்துத்தான் அந்தச் சொல்லைப் போட்டார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. அதே செப்துவஜிந்தில் ஆதியாகமம் 34:3, சீகேம் தீனாளைக் கெடுத்த பிறகும் அவளைப் பார்த்தெனோஸ் என்றே சொல்கிறது. ஆக, கிரேக்கச் சொல்லும் நாம் நினைக்கிற அளவுக்கு இறுக்கமானது இல்லை.

சண்டை புதிது இல்லை. கி.பி. 160ஐ ஒட்டி ஜஸ்டின் என்ற கிறிஸ்தவர் எழுதிய உரையாடலில் திரிபோ என்ற யூதர், அது "இளம்பெண்", ஆகாஸின் மகன் எசேக்கியாவைப் பற்றியது என்று வாதாடுகிறார். ஜஸ்டின் பதிலுக்கு, யூதர்கள் வேதத்தில் சில வார்த்தைகளை நீக்கிவிட்டார்கள் என்று குற்றம் சாட்டுகிறார். சங்கீதம் 96இல் "மரத்திலிருந்து" என்ற சொல்லை எடுத்துவிட்டார்களாம். எந்த எபிரெயுக் கையெழுத்துப் பிரதியிலும் அந்தச் சொல் இல்லை. இதைக் கவனி, மகனே. கையில் இருக்கிற வசனம் நாம் நினைத்ததைச் சொல்லாதபோது, "புத்தகத்தை வைத்திருந்தவன் திருத்திவிட்டான்" என்று சொல்வது எல்லார் வாயிலும் வருகிறது. இஸ்லாமிய அறிஞர்களில் பலர் யூதரையும் நம்மையும் பார்த்து "தஹ்ரீஃப்", அதாவது வேதத்தைத் திரித்துவிட்டார்கள், என்று சொன்னதும் அதே வகைதான். 1947இல் சாக்கடல் ஓரத்துக் கும்ரான் குகையில் முழு ஏசாயாச் சுருள் கிடைத்தது. இயேசுவுக்கு நூறு வருஷத்துக்கும் முந்தியது. 7:14இல் அல்மா அப்படியே இருக்கிறது. யாரும் திருத்தவில்லை.

ஜெரோமை நினைத்தால் எனக்கு எப்போதும் மனம் நெகிழும். லத்தீனில் வேதத்தை மொழிபெயர்க்க அவர் பெத்லகேமில் ஒரு யூத ஆசிரியரிடம் எபிரெயு கற்றார். மற்ற யூதர்களுக்குப் பயந்து அந்த ஆசிரியர் இரவில்தான் வருவார், இயேசுவிடம் இரவில் வந்த நிக்கொதேமுவைப்போல என்று ஜெரோமே கடிதத்தில் எழுதியிருக்கிறார். சபைக்குக் கிடைத்த வேதம் அப்படி ஒரு மனுஷனின் பயத்துக்கு நடுவே வந்தது. மாறாக 1952இல், அமெரிக்காவில் வந்த புதிய மொழிபெயர்ப்பு அந்த வசனத்தில் "இளம்பெண்" என்று போட்டதற்காக, வட கரோலினாவில் ஒரு போதகர் அந்தப் பக்கத்தையே கொளுத்தினார். வேதத்தின் பக்கத்தைக் கொளுத்தி வேதத்தைக் காப்பாற்ற முடியுமா?

சரி, அப்படியானால் நான் கிறிஸ்துமஸ் ஆராதனையில் இந்த வசனத்தை எப்படி வாசிக்கிறேன் என்று கேட்பாய். நிறைந்த மனதோடு வாசிக்கிறேன், இனியும் வாசிப்பேன். கன்னி மரியாளிடத்தில் இயேசு பிறந்தார் என்று நான் விசுவாசிக்கிறேன். அந்த விசுவாசம் அல்மா என்ற சொல்லிலிருந்து வரவில்லை. சுவிசேஷமும் சபையும் எனக்குச் சொன்னதிலிருந்து வந்தது. மத்தேயு இயேசுவை அறிந்த பிறகு ஏசாயாவைத் திரும்பிப் பார்த்தார், "தேவன் நம்மோடு" என்ற பழைய வார்த்தை அவர் கண்முன் நிறைந்து நின்றது. அது விசுவாசியின் வாசிப்பு. ஏசாயாவை மட்டும் கையில் வைத்திருக்கிற ஒருவனுக்கு எதிராக அதைச் சாட்சிப் பத்திரம்போல நீட்டக் கூடாது என்பதுதான் நான் உனக்குச் சொல்ல வருவது.

அடுத்தது காயல்பட்டினத்து நண்பர். உன்னதப்பாட்டு 5:16இல் முகமது நபியின் பெயரே இருக்கிறது என்றாராம், நீ சிரித்துவிட்டாயாம். சிரித்திருக்கக் கூடாது. அங்கே இருக்கும் சொல் "மஹமத்திம்". நம் வேதாகமத்தில் "அவர் முற்றிலும் அழகுள்ளவர்" என்று இருக்கிறது. ஆசைக்குரியவை, விரும்பத்தக்கவை என்று பொருள். பன்மைச் சொல். எசேக்கியேல் 24:16இல் தீர்க்கதரிசியின் மனைவியைக் "கண்களுக்கு விருப்பமானவள்" என்று சொல்கிற இடத்திலும், புலம்பல் 1:10இல் எருசலேமின் செல்வங்களைச் சொல்கிற இடத்திலும் இதே சொல்தான். பத்தாம் கட்டளையில் "இச்சியாதிருப்பாயாக" என்பதும் இதே வேர். அரபியில் அந்த வேர் புகழ்ச்சியைக் குறிக்கிறது, எபிரெயுவில் ஆசையை. ஓசை ஒத்துப்போவதால் ஒரு ஆளின் பெயர் ஆகிவிடாது. இதை மரியாதையோடு அவரிடம் சொல்லலாம்.

ஆனால் சொல்லிவிட்டு, அதே அளவுகோலை நம் பக்கமும் வைக்க வேண்டும். சிலுவையைச் சொல்கிறது என்று நாம் காட்டுகிற சங்கீதம் 22:16. "என் கைகளையும் என் கால்களையும் உருவக் குத்தினார்கள்." பெரும்பாலான எபிரெயுப் பிரதிகளில் அங்கே "காஅரி", சிங்கத்தைப்போல என்று இருக்கிறது. கிரேக்கத்தில் "தோண்டினார்கள்". அந்தச் சொல்லின் கடைசி எழுத்து யோத் என்றால் சிங்கம், வாவ் என்றால் தோண்டினார்கள் என்று வாசிக்கலாம். யோத் என்ற எழுத்துக்கும் வாவ் என்ற எழுத்துக்கும் ஒரு கால் நீளம்தான் வித்தியாசம். சாக்கடல் பக்கத்து நஹால் ஹெவரில் கிடைத்த துண்டில் வாவ்போலத் தெரிகிறது என்று சிலர் வாதாடுகிறார்கள், சிலர் மறுக்கிறார்கள். எது எப்படியானாலும், சிலுவையைச் சொல்லும்போது சுவிசேஷங்கள் இந்தச் சங்கீதத்தின் முதல் வசனத்தையும் சீட்டுப்போட்ட வசனத்தையும் எடுத்தாளுகின்றன, இந்த வசனத்தை எடுக்கவே இல்லை. அப்போஸ்தலர்களுக்குத் தேவைப்படாத ஆயுதம் உனக்கு எதற்கு?

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நாம் இங்கே சிறுபான்மையாக வளர்ந்தவர்கள். வேதவசனத்தைச் சொல்லி அடுத்தவரை மிரட்டுகிற அதிகாரம் நமக்கு இருந்ததில்லை, அதனால் அந்த நினைவும் இல்லை. உன் அறைத்தோழனுக்கு இருக்கிறது. 1263இல் பார்சிலோனாவில், அரகோன் அரசன் முதலாம் ஜேம்ஸ் முன்னிலையில், யூதராகப் பிறந்து டொமினிக்கன் துறவியான பாப்லோ கிறிஸ்தியானியோடு வாதாட நக்மனிடீஸ் என்ற ரபியை நிறுத்தினார்கள். ஏசாயா 53, ஆதியாகமம் 49:10இல் வரும் "ஷீலோ", எல்லாம் பேசப்பட்டன. நக்மனிடீஸ் ஒரே ஒரு கேள்வியை ஆழமாக வைத்தார்: ஜாதிக்கு விரோதமாய் ஜாதி பட்டயம் எடுப்பதில்லை என்று ஏசாயா சொன்னாரே, மேசியா வந்துவிட்டார் என்றால் உலகம் ஏன் இன்னும் இரத்தத்தில் கிடக்கிறது? நியாயம் தன் பக்கம் இல்லாத ஒருவர் இவ்வளவு நன்றாக வாதாடி நான் கண்டதில்லை என்று அரசன் சொன்னதாக அவரே எழுதிவைத்திருக்கிறார். என்ன பயன்? அடுத்த மாதமே யூதர்கள் பாப்லோவின் பிரசங்கத்தைக் கேட்டே ஆக வேண்டும் என்று உத்தரவு வந்தது. வாதத்தை எழுதிவைத்ததற்காகவே அவர் மேல் வழக்கு வந்தது. முதுமையில் ஊரை விட்டுப் புறப்பட்டு 1267இல் எருசலேம் போய்ச் சேர்ந்தார்.

இஸ்லாமிய ஆட்சியிலும் இது நடந்தது. ஆதியாகமம் 17:20இல் இஸ்மவேலை "மிகவும் அதிகமாக" பெருகப்பண்ணுவேன் என்கிற "பிமெஓத் மெஓத்" என்ற சொற்களில் எபிரெயு எழுத்து ஒவ்வொன்றுக்கும் உள்ள எண்ணைக் கூட்டினால் 92 வரும். முகமது என்ற பெயருக்கும் 92. ஏமனில் யூதர்களைக் கட்டாயமாக மதம் மாற்றிய காலத்தில் இதையெல்லாம் சொல்லி அவர்களைக் கலங்கவைத்தார்கள். 1172ஐ ஒட்டி மைமோனிடீஸ் என்ற யூத அறிஞர் எகிப்திலிருந்து ஏமன் யூதர்களுக்கு எழுதிய கடிதத்தில், அந்த வாதம் நிற்காது என்று விளக்கி, அவர்களைத் தைரியப்படுத்தினார். இப்படிப்பட்ட வாதத்துக்குப் பின்னால் பல சமயம் ஒரு வாள் நின்றிருக்கிறது. அதனால்தான் அந்தப் பையன் குரலை உயர்த்தினான். நீ அவன் மேல் ஜெயிக்கப் பார்த்தாய், அவன் தன் தாத்தாமாரின் பயத்தோடு நின்றான்.

அவனிடம் போய்ப் பேசு. காயல்பட்டினத்து நண்பரையும் கூட்டிக்கொள். அவர் வீட்டு நோன்புக் கஞ்சியை நீ எத்தனை வருஷம் குடித்திருக்கிறாய். யூதப் பையன் எபிரெயு வாசிப்பான் என்றால், ஏசாயா 7, 8, 9 அதிகாரங்களை அவனையே வாசிக்கச் சொல், நீ தமிழில் தொடர்ந்து வா. எனக்கும் ஒன்று கேட்டு எழுது. எபிரெயுவில் வெறும் "அல்மா" இல்லை, "ஹா-அல்மா", அதாவது "அந்த இளம்பெண்". ஏசாயா அந்த மதகருகே யாரைச் சுட்டிக்காட்டிச் சொன்னார்? ராஷியின் பதில் எனக்குத் தெரியும். அவன் வீட்டில் அவனுக்கு என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

அம்மாவுக்கு முட்டிவலி இப்போது பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு.

அன்புடன்,
அப்பா