லேப் எக்ஸாம்ல தப்பான புரோகிராமையும் குடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டிகிரி முடிச்ச பசங்ககிட்ட ஸ்கில் இல்லன்னு கம்பெனிக்காரங்க சொல்றத அடிக்கடி பேப்பர்ல படிக்கிறோம். நான் கோயம்புத்தூர்ல சாஃப்ட்வேர் டெவலப்பரா வேலை பாக்கறேன், லீவுக்கு ஊருக்கு வந்தா தெருவுல உள்ள காலேஜ் பசங்களுக்கு பைத்தான்ங்கற புரோகிராமிங் மொழிய சொல்லிக் குடுப்பேன். அந்த ஸ்கில் எங்க தடைபடுதுன்னு கண்ணால பாத்தத வெச்சுத்தான் இத எழுதறேன்.

நிறைய காலேஜ்ல லேப் எக்ஸாம் எப்படி நடக்குதுன்னு படிச்சவங்களுக்கு தெரியும். செமஸ்டர் முழுக்க ஒரு பத்து பன்னெண்டு புரோகிராம், அத ரெக்கார்ட் நோட்ல அழகா காப்பி பண்ணணும், எக்ஸாம் அன்னிக்கு சீட்டு எடுத்தா எது வருதோ அத மனப்பாடமா டைப் பண்ணணும், அவுட்புட் வந்துட்டா மார்க். எரர் வந்துட்டா பையனுக்கு கை நடுங்க ஆரம்பிச்சிடும், ஏன்னா எரர் வந்தா என்ன பண்ணணும்னு யாருமே சொல்லிக் குடுத்ததில்ல. இதுல சில இடத்துல இன்னும் 1990கள்ல வந்த டர்போ சி பிளஸ் பிளஸ்ங்கற பழைய சாஃப்ட்வேரோட நீல ஸ்கிரீன்லதான் பாடம், அதுல எழுதின சி பிளஸ் பிளஸ் புரோகிராம, இப்ப உள்ள கம்பைலர்ல (புரோகிராம கம்ப்யூட்டருக்குப் புரியற மாதிரி மாத்தற சாஃப்ட்வேர்) போட்டா மொத வரியிலயே நின்னுடும்.

ஆனா வேலைக்கு வந்துட்டா நாள் முழுக்க எரர்தாங்க. வேற யாரோ எழுதிட்டுப் போன புரோகிராமப் படிச்சு எங்க உடைஞ்சிருக்குன்னு கண்டுபிடிக்கறதுதான் பாதிப் பொழப்பு.

போன லீவுல ஒரு பொண்ணு ரெண்டு நம்பர கூட்டற புரோகிராம் எழுதுச்சு. 5ம் 7ம் குடுத்தா 57னு வருது. உடனே எல்லாத்தையும் அழிச்சிட்டு மறுபடி டைப் பண்ணப் போச்சு, இரும்மா, 57 எப்படி வந்துச்சுன்னு மொதல்ல யோசின்னு சொன்னேன். உள்ள வந்தது நம்பரா எழுத்தா, அதாவது என்ன டைப்னு பிரின்ட் பண்ணிப் பாக்கச் சொன்னா ஸ்ட்ரிங்னு, அதாவது எழுத்துன்னு வருது. "அண்ணா, இது நம்பராவே எடுத்துக்கல, எழுத்தா நெனச்சு பக்கத்துல பக்கத்துல ஒட்டியிருக்கு"ன்னு அதுவே சொல்லி, எழுத்த நம்பரா மாத்தற இன்ட் போட்டு சரி பண்ணிடுச்சு. அப்புறம் 7க்கு பதிலா ஏழுன்னு எழுத்துல அடிக்கச் சொன்னேன், சிவப்பா நாலஞ்சு வரி வந்துச்சு, கடைசி வரியத்தான் மொதல்ல படிக்கணும், அதுலதான் வேல்யூ எரர்னு காரணம் இருக்கும், அதுக்கு மேல எந்த லைன் நம்பர்னு இருக்கும், அவ்வளவுதான் விஷயம். இங்கிலீஷ் வராதுன்னு பயந்துக்கிட்டிருந்த பொண்ணு, அதுக்கப்புறம் ஒவ்வொரு எரரையும் தானே வாய்விட்டுப் படிக்குது.

பாடத்துக்கு நம்மகிட்ட பஞ்சமே இல்ல. நம்ம ப்ளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ் புக்லயே பைத்தான் தமிழ்ல இருக்கு, பிடிஎஃப்பா ஃப்ரீயாவே எடுத்துக்கலாம். ஐஐடிகள் நடத்தற என்பிடெல் ஆன்லைன் பாட வீடியோவும் காசில்லாம பாக்கலாம், சர்டிஃபிகேட் வேணும்னாதான் எக்ஸாம் ஃபீஸ். இதெல்லாம் தெரியாம "நூறு சதவீதம் பிளேஸ்மென்ட்"னு போர்டு பாத்து நகைய அடகு வெச்சு ஃபீஸ் கட்டற குடும்பங்கள நெனச்சா வயிறு எரியுது. கட்டறதுக்கு முன்னாடி போன பேட்ச் பசங்க ரெண்டு பேர்கிட்டயாவது நேர்ல பேசிப் பாருங்க. இப்ப சாட்ஜிபிடி எழுதிக் குடுத்துடுமேன்னும் கேக்கறாங்க, குடுக்கும், ஆனா இன்டர்வியூல இந்த வரி எதுக்குன்னு கேட்டா பதில் நீங்கதான சொல்லணும்.

பல்கலைக்கழகங்களுக்கும் பாலிடெக்னிக் நடத்தற தொழில்நுட்பக் கல்வித் துறைக்கும் என் வேண்டுகோள் ஒண்ணே ஒண்ணுதான். லேப் எக்ஸாம்ல பாதி மார்க்குக்கு, ஓடாத ஒரு புரோகிராம குடுங்க. அத சரி பண்ணி, ஏன் ஓடலன்னு நாலு வரி தமிழ்லயோ இங்கிலீஷ்லயோ எழுதட்டும். இதுக்கு புது கம்ப்யூட்டரும் வேணாம் புது பில்டிங்கும் வேணாம், கேள்வித்தாள மாத்தினா போதும்.

உங்க பேப்பரும் கல்விப் பக்கத்துல வாரத்துக்கு ஒரு தடவ தப்பு உள்ள ஒரு குட்டி புரோகிராம போட்டு, விடைய அடுத்த வாரம் வெளியிடலாம். லேப்டாப் இல்லாத பசங்க கூட போன் பிரவுசர்லயே பைத்தான ஓட்டிப் பாத்துக்கலாம், மொத வருசப் பசங்களுக்கு அதுவே போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், உடுமலைப்பேட்டை